சுண்டெலியின் பாதத்தில் ஒரு சேர்மத்தின் முதல் பரீட்சை: அழற்சி, ஆக்சிஜனேற்றச் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு சேர்மம் தயாரித்த வேதியியல் மாணவர் ஒருவர் கையில் சின்னக் குப்பியோடு மருந்தியல் துறைக்கு வருவார். உள்ளே வெளிர்மஞ்சள் பொடி, ஒரு கிராம்கூட இருக்காது. "இதை எலியில போட்டுப் பாக்கணும் சார், அழற்சியக் குறைக்குதான்னு" என்பார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தேவைப்படும் இடங்களில் எப்செலன் என்ற செயற்கைச் சேர்மத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அழற்சியையும் ஆக்சிஜனேற்றத்தையும் ஏன் எப்போதும் சேர்த்தே சோதிக்கிறார்கள்?

உடம்புக்குள் இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதால். முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது அல்லவா? அங்கே முதலில் ஓடி வருபவை நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள். கிருமியைக் கொல்ல அவை ஆக்சிஜனை எடுத்துச் சூப்பராக்சைடாக மாற்றும். அது ஹைட்ரஜன் பெராக்சைடாகும். பிறகு மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதையும் குளோரைடையும் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்யும். வீட்டில் தரை கழுவும் பிளீச்சின் வீரியத்துக்குக் காரணமான அதே பொருள்தான் இது. கிருமிக்கு வைத்த குறி பக்கத்திலிருக்கும் நம் செல்களின் கொழுப்புச் சவ்வையும் அரிக்கும். அரிபட்ட செல் மேலும் அழற்சிச் செய்திகளை அனுப்பும். அப்படியே சுற்றிச் சுற்றி வரும். இந்தச் சுழலை எந்த இடத்தில் ஒரு சேர்மம் அறுக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

எப்செலனை உதாரணமாக எடுப்பது ஏன்?

செலினியம் கொண்ட கரிமச் சேர்மம் அது. 1924இலேயே தயாரிக்கப்பட்டது. ஆனால் அதன் அருமை 1984இல்தான் வெளியே வந்தது. நம் உடம்பில் பெராக்சைடுகளை உடைக்கும் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் வேலையை இந்தச் சின்ன மூலக்கூறும் செய்கிறது என்று ஜெர்மனியில் கண்டார்கள். சுண்டெலிகளில் கல்லீரல் அழற்சி முதல் பல மாதிரிகளில் சோதித்தார்கள். பின்னாளில் பக்கவாதத்துக்கும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புக்கும் மனிதர்களிலும் சோதிக்கப்பட்டது. அழற்சி, ஆக்சிஜனேற்றம் இரண்டிலும் கை வைக்கும் சேர்மம் என்பதோடு, அதன் முடிவுகளைப் புரிந்துகொள்ள நிதானம் வேண்டும் என்பதாலும் பாடம் நடத்த இது நல்லது. புரதங்களில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு எளிதில் வினைபுரியும் குணம் இதற்கு உண்டு. அதனால் எந்த நொதியோடு சோதித்தாலும் ஏதோ ஒரு பலன் காட்டிவிடும். எல்லாச் சோதனையிலும் வெற்றி பெறும் சேர்மத்தைக் கண்டால் மகிழ்ச்சியை விடச் சந்தேகம் முதலில் வரட்டும்.

டிபிபிஎச் சோதனையில் என் சேர்மம் வைட்டமின் சி அளவுக்கு வேலை செய்கிறது. அது போதாதா?

போதாது. டிபிபிஎச் ஊதா நிறமுள்ள, நிலையான ஒரு ரேடிக்கல், அதாவது இணை சேராத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு. உடம்பில் அது கிடையாது. மெத்தனாலில் கரைத்து, 517 நானோமீட்டரில் ஊதா வெளுக்கிறதா என்று பார்க்கிறோம். உங்கள் சேர்மம் ஒரு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுக்கும் என்பதற்கு மட்டும் அது சாட்சி. குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் அதை உருமாற்றாமல் விடுமா, வீங்கிய இடத்துக்குப் போதுமான அளவு போய்ச் சேருமா என்றெல்லாம் அந்தக் குழாய்க்குத் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். எப்செலனின் தலையாய வேலை பெராக்சைடை உடைப்பது. டிபிபிஎச் அந்த வேலையை அளப்பதே இல்லை. அதை மட்டும் நம்பியிருந்தால் நல்ல சேர்மத்தைக் குப்பையில் போட்டிருப்போம்.

எலியா, சுண்டெலியா?

தமிழில் இரண்டையும் எலி என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் லேபில் அவை வேறு வேறு உயிர்கள். சுண்டெலி 20 முதல் 30 கிராம். வெள்ளை எலி அதைப்போலப் பத்து மடங்கு. கையில் ஒரு கிராமுக்கும் குறைவாகச் சேர்மம் இருந்தால் சுண்டெலிதான் கட்டுப்படியாகும். மரபணு மாற்றிய வகைகளும் ஆன்டிபாடி, கிட் போன்றவையும் சுண்டெலிக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் பாதம் மிகச் சிறியது, அளக்கும் கை நடுங்கக்கூடாது. எலிக்கு எழுதப்பட்ட நேர அட்டவணையை அப்படியே சுண்டெலிக்குப் பயன்படுத்தவும் கூடாது. அந்தத் தவறைக் கீழே விளக்குகிறேன்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிடும் மத்தியக் குழு இருக்கிறது. உங்கள் கல்லூரி அங்கே பதிவு பெற்றிருக்க வேண்டும். கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் படிவம் 'பி' நிரப்பித் தர வேண்டும். அந்தக் குழுவில் வெளியிலிருந்து வரும் உறுப்பினரும், அறிவியல் துறை சாராத ஒருவரும் இருப்பார்கள். "சுண்டெலி இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியாதா? ஏன் 36? ஏன் 24 போதாது?" என்று கேட்பார்கள். அதை இடையூறாக நினைக்காதீர்கள். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று கொள்கைகள் இந்தக் கேள்விகளுக்குள் இருக்கின்றன: முடிந்தால் விலங்கைத் தவிர், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை.

அனுமதி எண் வருவதற்கு முன்னால் ஒரு சுண்டெலியைக்கூடத் தொடாதீர்கள். "பைலட் தானே" என்பது பதிலாகாது.

டோஸை எப்படி முடிவு செய்வது?

முதலில் பாதுகாப்பு. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வேதிப்பொருள் சோதனைக்கு வெளியிட்ட 423ஆம் வழிகாட்டியில் ஒரு படிக்கு மூன்று விலங்குகள், வழக்கமாகப் பெண் விலங்குகள். 5, 50, 300, 2000 மி.கி. என்ற நிலைகளில் ஒன்றில் தொடங்குகிறோம். (எல்லாமே ஒரு கிலோ உடல் எடைக்கு.) எதுவும் தெரியாத சேர்மத்துக்கு 300இல் தொடங்கச் சொல்கிறது. 14 நாள் கவனிக்க வேண்டும். பாதி விலங்குகள் சாகும் அளவைத் தேடிய பழைய 401ஆம் முறை 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் சில தீசிஸ்களில் அது எட்டிப் பார்ப்பது வருத்தம்.

அதற்குப் பிறகு நம் ஊரில் ஒரு பழக்கம்: 2000இலும் சாகவில்லை, அதில் பத்தில் ஒரு பங்கு 200, அதுவே டோஸ் என்று எழுதிவிடுவது. 200 மி.கி. என்பது சுண்டெலிக்கு மிகப் பெரிய அளவு. அந்த அளவில் பலன் காட்டும் சேர்மம் மருந்தாகும் வாய்ப்பு குறைவு. ஒப்பீட்டுக்கு எடுக்கும் அழற்சி எதிர்ப்பு மருந்தான இன்டோமெதசின் 10 மி.கி.யில் வேலை செய்கிறது. நீங்களும் 5, 15, 50 என்பது போல மூன்று நிலைகள் எடுங்கள். அளவு கூடக்கூடப் பலன் கூடுகிறதா என்று பாருங்கள். அந்தப் படிக்கட்டு தெரியாவிட்டால் ஒற்றை டோஸின் பலனை நான் நம்பமாட்டேன்.

கணக்கு எளிது. 25 கிராம் சுண்டெலிக்கு 50 மி.கி. டோஸ் என்றால் 1.25 மி.கி. வாய்வழியாகக் கொடுக்கும் கரைசல் ஒரு கிலோவுக்கு 10 மி.லி. என்று வைத்தால் 0.25 மி.லி. ஆக, கரைசலில் மி.லி.க்கு 5 மி.கி. இருக்க வேண்டும்.

என் சேர்மம் தண்ணீரில் கரையவில்லை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியில் நான் சொந்தமாக அடிபட்டிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது என் சேர்மத்தை டிஎம்எஸ்ஓவில் கரைத்து ஊசி போட்டேன். ஒப்பிடுவதற்காகச் சேர்மம் கொடுக்காமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெறும் உப்புக் கரைசல் போட்டேன். வீக்கம் நன்றாகக் குறைந்தது. கைடும் நானும் மகிழ்ந்தோம். துறையில் இருந்த ஒரு மூத்த அம்மா ரீடிங் நோட்டைப் பார்த்துவிட்டு, "டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழு எங்கப்பா?" என்று கேட்டார். மறுபடி அந்தக் குழுவோடு செய்தபோது குறைந்ததில் பெரும்பங்கு டிஎம்எஸ்ஓவின் வேலை என்று தெரிந்தது. டிஎம்எஸ்ஓ தானே ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும், தானே அழற்சியைக் குறைக்கும். முதல் முறை பயன்படுத்திய அத்தனை சுண்டெலிகளும் வீண். அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே வாய்வழியாக என்றால் 0.5 சதவீத கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸில் நன்றாக அரைத்துத் தொங்கலாக்கிக் கொடுங்கள். ஒவ்வொரு முறை சிரிஞ்சில் எடுப்பதற்கு முன்னும் குலுக்குங்கள், இல்லாவிட்டால் கடைசிச் சுண்டெலிக்குத்தான் முழு மருந்தும் போகும். எந்தக் கரைப்பானாக இருந்தாலும் அதே அளவு, அதே வழி, அதே நேரத்தில் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் போக வேண்டும்.

வீக்கம் உண்டாக்கப் பயன்படும் கராஜினன் என்பது என்ன?

சிவப்புக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு சர்க்கரைத் தொடர். நம் மண்டபம், ராமேசுவரம் பக்கம் மூங்கில் தெப்பங்களில் பெண்கள் வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியிலிருந்தும் ஒரு வகைக் கராஜினன் எடுக்கிறார்கள். அது கப்பா வகை, கெட்டியாக உறையும், உணவுத் தொழிலுக்குப் போகும். நாம் ஊசிக்குப் பெரும்பாலும் எடுப்பது உறையாத லாம்டா வகை. வாங்கும்போது எந்த வகை, எந்தத் தொகுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். தொகுதி மாறினால் வீக்கத்தின் அளவும் மாறலாம்.

1962இல் வின்டர், ரிஸ்லி, நஸ் மூவரும் எலியின் பின்னங்கால் பாதத்தில் இதை ஊசியேற்றி அழற்சி மருந்துகளைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்டோமெதசினின் திறன் இந்த முறையில்தான் தெளிவாகத் தெரிந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் முழுக்க முதல் சோதனை இதுதான்.

பாத வீக்கச் சோதனையை எப்படிச் செய்வது?

முதல் நாளே கராஜினனை உப்புக் கரைசலில் ஒரு சதவீதமாகக் கலந்து வையுங்கள். காலையில் எடை பார்த்து, வால் நுனியில் நிறக்குறி போட்டு, குழுக்களுக்குக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். கூண்டில் கை விட்டதும் முதலில் சிக்கும் சுண்டெலி சோம்பலானது அல்லது நோயுற்றது. அவற்றை எல்லாம் முதல் குழுவில் போட்டுவிட்டால் அங்கேயே சோதனை சாய்ந்துவிடும்.

பின்னங்கால் கணுவில் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு. இந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. பாதத்தைப் பிளெதிஸ்மோமீட்டரின் நீருக்குள் அந்தக் கோடு வரை அமிழ்த்தி, இடம்பெயரும் நீரின் அளவைக் குறிக்கிறோம். ஒரு முறை கோட்டுக்கு மேலும் மறுமுறை கீழும் அமிழ்த்தினால் ரீடிங் 0.01 மி.லி. மாறும். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஒரு சுண்டெலிப் பாதத்தில் மொத்த வீக்கமே 0.08 மி.லி. என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிழை மட்டும் எட்டில் ஒரு பங்கு! அதனால் ஒவ்வொரு பாதத்துக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். பழைய கருவிகளில் பாதரசம் இருக்கும், அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் ரீடிங் எடுத்ததும் மருந்து. ஒரு மணி நேரம் கழித்து வலது பாதத்தின் அடியில் 20 முதல் 50 மைக்ரோலிட்டர் கராஜினன், மெல்லிய ஊசியில், நிதானமாக. ஊசியை வெளியே எடுக்கும் முன் இரண்டு நொடி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு துளி வெளியே கசியும். கசிந்தால் மறைக்காமல் நோட்டில் எழுதுங்கள். இடது பாதத்துக்கு அதே அளவு உப்புக் கரைசல்.

கட்டுப்பாட்டுக் குழுவில் வீக்கம் 0.08, மருந்துக் குழுவில் 0.05 என்றால் குறைப்பு 37.5 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்.

எந்தெந்த நேரத்தில் அளக்க வேண்டும்?

எலியில் வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களின் கதை இப்படிப் போகும்: முதல் ஒன்றரை மணி நேரம் ஹிஸ்டமினும் செரட்டோனினும், அடுத்த ஒரு மணி கைனின்கள், இரண்டரை மணிக்குப் பிறகு புரோஸ்டகிளாண்டின்கள். மூன்றாம் மணியில் வீக்கம் குறைந்தால் புரோஸ்டகிளாண்டினைச் செய்யும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் பாதையில் வேலை நடக்கிறது என்று ஊகிக்கலாம். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார், 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சுண்டெலியில் அட்டவணை வேறு. முதல் ஆறு மணிக்குள் ஒரு மிதமான வீக்கம் வந்து தணியும். பிறகு 24 மணிக்கு மேல் இரண்டாவது எழுச்சி தொடங்கி 48 முதல் 72 மணிக்குள் உச்சம் தொடும். ஆறாம் மணியோடு கூண்டை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் பெரிய அலையைப் பார்க்காமலே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்று நாள் திட்டமிடுங்கள். அத்தனை நாளும் ஒரே நேரத்தில் அளப்பதும் முக்கியம். சுண்டெலி இரவில் திரியும் பிராணி. மாலை நெருங்கும்போது அதன் இரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் ஏறும். அது உடம்பின் சொந்த அழற்சி எதிர்ப்பு மருந்து.

ஒரு குழுவில் ஆறு என்பது விதியா?

விதியில்லை, வழக்கம். எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள், ரீடிங்குகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை வைத்துப் புள்ளியியலாளரிடம் கணக்குப் போடுவதே சரி. அதற்குத் தரவு இல்லாதபோது ஒரு எளிய கணக்கு உண்டு: மொத்த விலங்குகளில் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையில் வர வேண்டும். ஐந்து குழு, குழுவுக்கு ஐந்து என்றால் 25இல் 5 போக 20. ஒரே சுண்டெலியின் ஆறு நேர ரீடிங்கை ஆறு சுண்டெலியாக எண்ணிவிடாதீர்கள். இதைப் பல கட்டுரைகளில் பார்க்கிறேன்.

அளப்பவருக்கு எது மருந்துக் குழு என்று தெரியக்கூடாது என்கிறீர்கள். இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா?

கட்டாயம். என்எக்ஸ்ஒய்-059 என்ற செயற்கைச் சேர்மத்தின் கதையைச் சொல்கிறேன். ரேடிக்கலைப் பிடிக்கும் நைட்ரோன் வகை. பக்கவாதம் உண்டாக்கிய விலங்குகளில் மூளைச் சேதத்தை அருமையாகக் குறைத்தது. 2006இல் வெளியான முதல் பெரிய மனிதச் சோதனையில் சிறிய பலன் தெரிந்தது. நம்பிக்கை பொங்கியது. 3000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் நடந்த இரண்டாவது சோதனை 2007இல் வெளியானபோது பலன் எதுவுமில்லை. மருந்து கைவிடப்பட்டது. பிறகு பழைய விலங்கு ஆய்வுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். எங்கே குலுக்கலும், எது மருந்துக் குழு என்று அளப்பவரிடம் மறைப்பதும் இல்லையோ அங்கே பலன் பெரிதாகத் தெரிந்திருந்தது.

யாரும் பொய் எழுதவில்லை. நம் சேர்மம் வெல்ல வேண்டும் என்று ஆசைப்படும் கண், கணுக்கோட்டை ஒரு மயிரிழை கீழே பார்த்துவிடுகிறது, அவ்வளவுதான். ஒருவர் மருந்து கொடுக்கட்டும், குழுவின் பெயர் தெரியாத இன்னொருவர் அளக்கட்டும். குறிப்புச் சீட்டு மூடிய உறையில் மூன்றாமவரிடம் இருக்கட்டும். ஒரு ரூபாய் செலவில்லை. 2010இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டியும், இதைச் செய்தீர்களா இல்லையா என்று வெளிப்படையாக எழுதச் சொல்கிறது.

பாதம் தவிர வேறு சோதனைகள்?

காதில் எரிச்சலூட்டும் குரோட்டன் எண்ணெயோ சைலீனோ தடவி, பிறகு ஒரே அளவு வட்டமாக வெட்டி எடை பார்ப்பது. மேலே பூசும் மருந்துகளுக்கு நல்லது. வயிற்றறைக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலம் செலுத்தி உடலை முறுக்கி நெளிவதை எண்ணும் சோதனை வலியை அளப்பது, அழற்சிக்கு நேரடிச் சாட்சி ஆகாது. தூக்கம் வரவழைக்கும் சேர்மமும் அதில் தேறிவிடும். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளான எல்பிஎஸ் செலுத்தி, அழற்சிச் செய்தி சுமக்கும் சைட்டோகைன் புரதங்களை அளக்கும் முறையில் நேரம் முக்கியம். அவற்றில் ஒன்றான டிஎன்எப் ஆல்பா இரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணியிலேயே உச்சம் தொட்டு இறங்கிவிடும். ஆறாம் மணியில் இரத்தம் எடுத்துவிட்டு "மருந்து டிஎன்எப்பைக் குறைத்தது" என்று எழுதினால் அதில் பொருளில்லை.

திசுவில் ஆக்சிஜனேற்றத்தை எப்படி அளப்பது?

வழக்கமாக நான்கு: கொழுப்பு சிதைந்ததன் அடையாளமான மாலோன்டைஆல்டிஹைடு, குளுட்டாதயோன், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ். இவற்றோடு மைலோபெராக்சிடேஸையும் சேருங்கள். எத்தனை நியூட்ரோபில் வந்தது என்பதற்கு அது கணக்கு.

மாலோன்டைஆல்டிஹைடைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கொதிநீரில் வைத்தால் இளஞ்சிவப்பு வரும், 532 நானோமீட்டரில் படிக்கிறோம். ஆனால் சர்க்கரைகளும் அந்த நிறம் கொடுக்கும். சூடேற்றும்போதே புதிதாகக் கொழுப்பு ஆக்சிஜனேற்றமும் நடக்கும், அதைத் தடுக்க பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சிறிது சேர்க்க வேண்டும். திசுவில் இரத்தம் தங்கியிருந்தால் ஹீமோகுளோபினின் இரும்பு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றின மாதிரி. குளிர்ந்த உப்புக் கரைசலால் திசுவை நன்றாகக் கழுவுங்கள். குளுட்டாதயோன் எல்மன் வினைப்பொருளோடு மஞ்சளாகும், 412இல் படிக்கலாம். வெட்டிய திசு மேசையில் பத்து நிமிடம் கிடந்தால் அது கரைந்துபோகும். பனிக்கட்டி, திரவ நைட்ரஜன், மைனஸ் 80 டிகிரி என்ற வரிசை பிசகக்கூடாது.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் கூடியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த நொதி கூடுவது பாதுகாப்பின் அடையாளமாகவும் இருக்கலாம், தாக்குதலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையாகவும் இருக்கலாம். புதிதாக நொதி உருவாக மரபணு விழிக்க வேண்டும், புரதம் தயாராக வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். மருந்து கொடுத்து இரண்டே மணியில் திசு எடுத்துவிட்டு "மருந்து நொதி உற்பத்தியைத் தூண்டியது" என்பது பொருந்தாது. இருந்த நொதி வீணாகாமல் காக்கப்பட்டது என்றால் பொருந்தலாம்.

எப்செலன் இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. பெராக்சைடை உடைக்க அது குளுட்டாதயோனைச் செலவழிக்கிறது. ஆக, குளுட்டாதயோன் குறைந்திருந்தால் மருந்து தோற்றது என்று அர்த்தமாகாது, வேலை செய்ததால்கூடக் குறைந்திருக்கலாம். ஆக்சிஜனேற்றமான வடிவத்தையும் சேர்த்து அளந்து விகிதம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சுண்டெலிக்கு வலிக்குமா?

வலிக்கும். வீங்கிய காலை ஊன்றாமல் தூக்கி வைத்திருக்கும். கண்ணை இடுக்கும், காதைப் பின்னால் மடக்கும், கன்னம் உப்பும். 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு இந்த முகக்குறிகளை வைத்தே வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் செய்தது. அதே ஆண்டு லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட் குழு, வாலைப் பிடித்துத் தூக்குவதைவிட ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கைகளைக் குவித்தோ எடுத்தால் சுண்டெலியின் பதற்றம் மிகக் குறைகிறது என்று காட்டியது. நான் பழைய அட்டைக் குழாய்களைக் கூண்டில் போட்டு வைக்கிறேன். மூன்றாவது நாளில் அவையே வந்து ஏறிக்கொள்ளும்.

இதில் இரக்கத்தோடு அறிவியலும் இருக்கிறது. அஞ்சிய விலங்கின் உடம்பில் கார்டிகோஸ்டீரோன் ஏறி வீக்கத்தைக் குறைக்கும். மோகில் குழு 2014இல் இன்னொன்றும் கண்டது: ஆண் ஆய்வாளரின் வாசனையே சுண்டெலிக்கு மன அழுத்தம் தந்து வலி வெளிப்பாட்டைக் குறைக்கிறது. யார் சோதனை செய்தார் என்பதை நோட்டில் எழுதுங்கள், நடுவில் ஆளை மாற்றாதீர்கள்.

இன்டோமெதசினைவிட என் சேர்மம் அதிகம் குறைத்தது. அதைவிடச் சிறந்த மருந்து என்று சொல்லலாமா?

முடியாது. இந்த டோஸில், இந்த மாதிரியில், இந்த மணியில் அதிகம் குறைத்தது, அவ்வளவே. இரைப்பையைத் திறந்து புண் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இதயம், சிறுநீரகம்? இரைப்பையைக் காக்கும் அழற்சி மருந்து என்று 1999இல் வந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

சுண்டெலி டோஸிலிருந்து மனித டோஸ்?

எடைக்கு எடை பெருக்கக்கூடாது. உடல் பரப்பை வைத்துக் கணக்கிடுவார்கள், சுண்டெலி டோஸை 12.3ஆல் வகுக்க வேண்டும். 50 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 4 மி.கி. ஆகும். 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 244 மி.கி. முதல் மனிதச் சோதனைக்கான தொடக்க அளவைத் திட்டமிட மட்டும் இந்தக் கணக்கு. யாரும் வாங்கிச் சாப்பிட அல்ல.

சுண்டெலியே இல்லாமல் முடியாதா?

ஓரளவுக்கு முடியும், அந்த அளவு கூடிக்கொண்டும் வருகிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களில் எல்பிஎஸ் போட்டு, அழற்சியின் அடையாளமான நைட்ரைட்டை அளந்தால் பல சேர்மங்கள் அங்கேயே கழிந்துவிடும். அப்படிக் கழிவது நல்லதுதான், அத்தனை உயிர்கள் மிச்சம். அமெரிக்கா 2022 இறுதியிலும் இந்தியா 2023இலும் மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கு அல்லாத முறைகளுக்கும் இடம் கொடுத்தன. ஆனால் உறிஞ்சல், கல்லீரல், இரத்த ஓட்டம், வெள்ளணு நகர்வு எல்லாம் ஒன்றாக நடக்கும் முழு உடம்பை இன்னும் தட்டில் செய்ய முடியவில்லை. ஆகவே தட்டில் தேறியதை மட்டும் சுண்டெலிக்குக் கொண்டு வாருங்கள்.

முடிந்ததும் அவற்றை என்ன செய்கிறீர்கள்?

படிவத்தில் எழுதிக்கொடுத்த முறைப்படி, மயக்க மருந்தின் கூடுதல் அளவில் வலியில்லாமல் முடிக்கிறோம். ஒரே விலங்கிலிருந்து பாதம், கல்லீரல், இரைப்பை, இரத்தம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தால் இன்னொரு கேள்விக்காக இன்னொரு விலங்கு தேவைப்படாது.

பலன் ஒன்றும் வரவில்லை. என் தீசிஸ் போச்சா?

போகாது. கட்டுப்பாட்டுக் குழு வீங்கியது, இன்டோமெதசின் குறைத்தது, உங்கள் சேர்மம் குறைக்கவில்லை என்றால் சோதனை சரியாக நடந்திருக்கிறது, விடை "இல்லை" என்று வந்திருக்கிறது. அதை எழுதுங்கள். எழுதாவிட்டால் வேறொரு ஊரில் வேறொருவர் இதே சேர்மத்துக்கு இன்னும் முப்பது சுண்டெலிகளைச் செலவழிப்பார்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை. குப்பியில் மிச்சமிருக்கும் பொடியை எடுத்து உருகுநிலையை மறுபடி பாருங்கள், மெல்லடுக்குத் தகட்டில் ஒரு புள்ளி ஓடவிடுங்கள். செய்த அன்று ஒரே புள்ளியாக ஓடியது இப்போது இரண்டாகப் பிரிகிறதா? அப்படியென்றால் ஆறு மாதம் வெளிச்சத்தில் கிடந்து சிதைந்த பொருளைத்தான் சோதித்திருக்கிறீர்கள். அடுத்த தடவை பழுப்புக் குப்பியில், தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் ஒட்டி, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.